கோத்தகிரி வாடகை வீட்டில் பூனைக் கதவு: எங்கே வைப்பது, எதை வாங்குவது, எப்படி வெட்டுவது

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். திருப்பூரிலிருந்து கோத்தகிரிக்கு வந்து 4 மாதம் ஆகிறது. வாடகை வீடு. 3 வயது ஆண் பூனை, கருத்தடை செய்தாகிவிட்டது. விடியற்காலை 4 மணிக்குக் கதவைப் பிராண்டி வீட்டையே எழுப்புகிறது. சமையலறைப் பின்கதவில் ஒரு கேட் ஃப்ளாப் (தள்ளினால் திறந்து தானே மூடிக்கொள்கிற மடல் வைத்த பூனைக் கதவு) வைத்துவிட்டால் அது பாட்டுக்குப் போய் வருமே என்பது உங்கள் யோசனை. சிறுத்தை, கரடி என்று உங்கள் கணவர் தயங்குகிறார். எந்த மாடல் வாங்குவது, சிப் வைத்தது தேவையா, நாமே பொருத்த முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் குன்னூர்ப் பக்கம் 16 வருடமாக மரவேலை செய்கிறேன். பூனைக் கதவு மட்டும் 20 வீட்டுக்கு மேல் பொருத்தியிருப்பேன், எங்கள் வீட்டிலும் 2 பூனைகள் உண்டு. அதனால் நேராகவே சொல்கிறேன். தாராளமாக வையுங்கள். ஆனால் சமையலறைக் கதவில் வேண்டாம். விடியற்காலை 4 மணிக்கு அது திறந்திருக்கவும் வேண்டாம்.

உங்கள் கணவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. கோத்தகிரி, குன்னூர் சுற்றுவட்டாரத்தில் தேயிலைத் தோட்டமும் சோலையும் வீடுகளும் ஒன்றை ஒன்று ஒட்டியே கிடக்கின்றன. ஊருக்குள் வருகிற சிறுத்தைக்கு நாய்தான் முதல் குறி, பூனை கிடைத்தால் அதையும் விடாது. எங்கள் வரிசையில் 4 வீடு தள்ளி ஒரு நாயை ராத்திரி 9 மணிக்கு வாசற்படியிலிருந்தே தூக்கிக்கொண்டு போனது. மறுநாள் காலை தண்ணீர்த் தொட்டி ஓரத்து ஈரமண்ணில் அந்தக் காலடியைப் பார்த்தேன். நாலு விரலும் அகலமான பாதமும் அச்சு வார்த்தது போல இருந்தன. நகம் பதியவில்லை. நாயின் தடமாக இருந்தால் நகக்குறி தெரியும். குனிந்து என் உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு எடுத்த முடிவுதான், இருட்டிய பிறகு எங்கள் பூனைகள் வெளியே போவதில்லை.

சிறுத்தை பூனைக் கதவு வழியாக உள்ளே வந்துவிடுமா என்று சிலர் கேட்பார்கள். 15 செ.மீ. ஓட்டைக்குள் அதன் உடம்பு நுழையாது. கதவுக்கே ஆபத்து கரடியால்தான். எண்ணெய், வெல்லம், மாவு வாசனைக்கு அது எவ்வளவு தூரமும் வரும். கோயில் விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெய்க்காகக் கதவை உடைத்தது, பேக்கரிக்குள் புகுந்தது என்று நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கிற செய்திதான். சமையலறைக் கதவின் அடியில் ஓட்டை போட்டு மெல்லிய பிளாஸ்டிக் மடலைத் தொங்கவிட்டால், வாசனைக்கும் வழி, நகம் போட்டு இழுக்கப் பிடியும் ஆச்சு. பகலில் குரங்கு. ஆளில்லாத சமையலறையில் வாழைப்பழம் தெரிந்தால் போதும், மடலைக் கையால் தள்ளிப் பார்க்கும், குட்டியாக இருந்தால் உள்ளேயே வந்துவிடும். ராத்திரி மரநாய் வேறு இருக்கிறது. பூனை நுழைகிற எந்த வழியிலும் அது நுழையும்.

ஆகவே இடம்தான் முதல் விஷயம், மாடல் அப்புறம். சமைக்கிற, சாப்பிடுகிற, அரிசி பருப்பு வைக்கிற அறை எதுவும் வேண்டாம். துணி துவைக்கிற அறை, முன்பக்கக் கண்ணாடி வராந்தா, யாரும் படுக்காத சின்ன அறை இவற்றில் ஒன்றைப் பாருங்கள். பூனையின் சாப்பாட்டுத் தட்டையும் அங்கே வைக்காதீர்கள். வாசனை பிடித்து முதலில் தெருப்பூனைகள் வரும், பின்னாலேயே மற்றவை வரும்.

இன்னொன்று மழை வருகிற திசை. கோத்தகிரிக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் வரும். சாரல் பெரும்பாலும் கிழக்கு, வடகிழக்கு முகத்தில் அடிக்கும். 2009 நவம்பர் மழையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பக்கத்துச் சுவர் என்ன பாடுபடும் என்று தெரியும். ஊட்டியின் மேற்குப் பக்கம், கூடலூர்ப் பக்கம் என்றால் கணக்கு மாறும், அங்கே ஆனி ஆடியில் வருகிற தென்மேற்குச் சாரல்தான் அடிக்கும். உங்கள் வீட்டில் கூரைத் தாழ்வாரம் அகலமாக இறங்கியிருக்கிற, சாரல் படாத பக்கம் எது என்று வீட்டு உரிமையாளரைக் கேளுங்கள். பல வருடம் பார்த்தவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும்.

வாடகை வீடு என்பதால் உங்களுக்கு நான் சொல்வது கதவே இல்லை, ஜன்னல். நம் ஊர்ப் பழைய வீடுகளில் மரச்சட்ட ஜன்னலில் சின்னச் சின்னக் கண்ணாடியாகப் பதித்திருப்பார்கள். அதில் கீழ் வரிசைக் கண்ணாடி ஒன்றை, அதைப் பிடித்திருக்கிற ரீப்பரையும் (மெல்லிய மரப்பட்டி) புட்டியையும் நிதானமாக எடுத்துக் கழற்றி, பழைய துணியில் சுற்றி, எந்த ஜன்னல் என்று எழுதிப் பரணில் வைத்துவிடுங்கள். அந்த இடத்துக்கு 12 மி.மீ. மரைன் பிளைவுட் ஒன்றை அளவாக வெட்டி, அதில் பூனைக் கதவைப் பொருத்தி, அதே ரீப்பரால் அடித்துவிடலாம். வீட்டைக் காலி செய்யும்போது பலகையைக் கழற்றிக் கண்ணாடியைத் திரும்பப் போட்டால் போதும். உரிமையாளருக்கும் நஷ்டமில்லை, உங்களுக்கும் அட்வான்ஸில் பிடித்தம் இல்லை. பூனைக்கும் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் இருக்கிற வழி பிடிக்கும், வெளியே போகுமுன் ஜன்னல் திண்டில் உட்கார்ந்து நாய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கும். உள்ளே ஒரு ஸ்டூல், வெளியே ஒரு பலகைத் திண்டு இருந்தால் ஆயிற்று. ஜன்னலுக்கு உள்பக்கம் கம்பி இருந்தால் இடைவெளியை மட்டும் அளந்து பாருங்கள், சில வீடுகளில் ஒரு கம்பியை எடுக்க வேண்டி வரும். அப்படியானால் அந்த ஜன்னலை விட்டுவிடுங்கள், கள்ளன் பயம் இங்கேயும் உண்டு.

அளவெடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். பழைய ஜன்னல் சட்டம் எதுவும் சரியான சதுரமாக இருக்காது. அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று 3 இடத்தில் எடுத்து, இருப்பதிலேயே சின்ன அளவுக்கு 2 மி.மீ. குறைத்துப் பலகை வெட்டுங்கள்.

ஜன்னல் தோதுப்படவில்லை என்றால்தான் கதவு. அது எந்த வகை என்று தட்டிப் பாருங்கள். சட்டமும் பலகையுமாகச் செய்த பழைய கதவில் கீழ்ச் சட்டத்தை வெட்டக் கூடாது, கதவின் பலமே அதில்தான் இருக்கிறது. நடுவில் இருக்கிற பலகையில் மட்டும் வெட்டலாம். ஃப்ளஷ் டோர் 'டொக் டொக்' என்று வெற்றாக ஒலித்தால் உள்ளே இடைவெளி உண்டு. வெட்டிய ஓட்டையைச் சுற்றி உள்ளே மரக்கட்டை கொடுத்து ஒட்டிய பிறகே ஸ்க்ரூ முடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பக்கத் தகடும் உள்ளே அமுங்கிவிடும். பிளாஸ்டிக் கதவு வெட்டுவதற்குச் சுலபம். டஃபன்டு கண்ணாடி என்றால் தொடவே வேண்டாம், ஓட்டை போட முயன்ற மறுகணம் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். ஓட்டையோடு புதிதாக ஆர்டர் கொடுத்துத்தான் வாங்க முடியும். கருங்கல் சுவரைப் பற்றி யோசிக்காதீர்கள். ஒன்றரை அடி கனத்தைத் துளைத்து நீளமான கூடு வைக்க வேண்டும், வாடகை வீட்டில் அது நடக்கிற காரியமில்லை.

இப்போது மாடலுக்கு வருவோம். சாதாரண மடல் கதவில் நாலு நிலைப் பூட்டு இருக்கும்: உள்ளே மட்டும், வெளியே மட்டும், இரண்டு பக்கமும், முழுப்பூட்டு. உங்களுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. பகலில் இரண்டு பக்கமும் திறந்து வைப்பீர்கள். சாயங்காலம் 5 மணிக்கு 'உள்ளே மட்டும்' என்று திருப்புவீர்கள், வந்த பூனை திரும்பப் போக முடியாது. பூனை வந்ததும் முழுப்பூட்டு. இந்த 'உள்ளே மட்டும்' நிலைதான் நம் ஊரில் மிக முக்கியம், அது இல்லாத மாடலை வாங்காதீர்கள். பூட்டு பிளாஸ்டிக் குமிழ் மட்டும்தான் என்றால், உள்பக்கத்தில் ராத்திரிக்குச் சாத்துகிற மாதிரி ஒரு மரப்பலகைக்கும் இரண்டு கொண்டிக்கும் இடம் விடுங்கள். நான் பொருத்துகிற எல்லா வீட்டிலும் இதைச் செய்துகொடுக்கிறேன்.

கழுத்துப்பட்டையில் காந்தம் வைத்துத் திறக்கிற வகை ஒன்று உண்டு. தெருப்பூனையைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் காந்தம் ஆணி, ஸ்க்ரூ, இரும்புத் தூள் எல்லாவற்றையும் கழுத்தில் சேர்த்துக்கொண்டு வரும். அதைவிடப் பெரிய சிக்கல் பட்டைதான். தேயிலைச் செடிக்கும் உண்ணிச்செடிப் புதருக்கும் உள்ளே நுழைந்து வருகிற பூனைக்குப் பட்டை மாட்டிக்கொண்டால் கழுத்து இறுகிவிடும். பட்டை போடுவதாக இருந்தால், இழுத்தால் தானே கழன்றுவிடுகிற கொக்கி வைத்ததை மட்டும் போடுங்கள்.

சிப் படிக்கிற வகை நல்ல சாதனம், விலை சாதாரணத்தைப் போலப் பல மடங்கு. பூனையின் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் அரிசி அளவில் ஒரு சிப்பைக் கால்நடை மருத்துவர் ஊசி மூலம் வைப்பார். அதில் பேட்டரி இல்லை, 15 இலக்க எண் மட்டும்தான் இருக்கிறது. பூனை தலையை நீட்டும்போது கதவு அந்த எண்ணைப் படித்துப் பூட்டை விடும். பூனை எங்கே இருக்கிறது என்று சிப் காட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், காட்டாது. பக்கத்து வீட்டுப் பூனைகள் உள்ளே வந்து உங்கள் பூனையைப் பயமுறுத்தி, அது வீட்டுக்குள்ளேயே மூத்திரம் அடிக்க ஆரம்பித்துவிட்டது என்றால் இந்தச் செலவு தகும். வாங்கினால் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். நிறைய மாடலில் உள்ளே வருவதற்கு மட்டுமே சிப் பார்க்கும், வெளியே போவதற்குப் பார்க்காது. குறித்த நேரத்தில் தானே பூட்டிக்கொள்கிற வசதி இருந்தால் அந்த மாடலை எடுங்கள். இரும்புத் தகட்டுக் கதவில் சுற்றியுள்ள உலோகம் சிப் படிப்பதைக் கெடுக்கும், அதனால் பெரிதாக வெட்டி நடுவே மரச்சட்டம் கொடுத்துத்தான் பொருத்த வேண்டும். குரங்குக்கும் கரடிக்கும் சிப் ஒரு பொருட்டே இல்லை. சிப் கதவு வைத்தாலும் ராத்திரிப் பலகை வேண்டும்.

அளவு. பூனை நின்றுகொண்டிருக்கும்போது தோள்பட்டையின் அகலமான இடத்தை அளந்து 2, 3 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள், திறப்பு அதற்குக் குறையக் கூடாது. தரையிலிருந்து வயிறு எவ்வளவு உயரம் என்று பாருங்கள். ஓட்டையின் அடிவிளிம்பு அந்த உயரத்தை ஒட்டி வர வேண்டும், வளர்ந்த பூனைக்குச் சுமார் 12 முதல் 15 செ.மீ. கதவில் வைக்கிறவர்கள் பெரும்பாலும் மறப்பது வெளித்தரை. நம் வீடுகளில் வெளியே ஒரு படி, இரண்டு படி தாழ்ந்திருக்கும். உள்ளே 13 செ.மீ. என்றால் வெளியே 35 செ.மீ. ஆகிவிடும், திரும்ப வரும்போது பூனை எம்பிக் குதித்து மடலில் முட்டும். வெளியே ஒரு கல்லையோ சிமென்ட் பிளாக்கையோ அசையாமல் பதித்துவிடுங்கள்.

வெட்டுவதற்கு நல்ல காலம் தை கடைசியிலிருந்து பங்குனி வரை, மரம் நன்றாகக் காய்ந்திருக்கும். மழையில் ஊதிய மரத்தில் வெட்டினால் வெயிலில் சுருங்கி ஓரம் தெரியும். பெட்டியிலிருக்கிற காகித அச்சை ஒட்டி, ரசமட்டம் வைத்துக் கோடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கோடு சாய்ந்தால் மடல் ஒரு பக்கம் உரசி நின்றுவிடும். கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஜிக்சா பிளேடு மேல்நோக்கி இழுக்கும்போதுதான் வெட்டும், டேப் இல்லாவிட்டால் மேல் முகத்தில் சிராய் சிராயாகப் பெயரும். நாலு மூலையிலும் கோட்டுக்கு உள்ளே 10 மி.மீ. டிரில் போட்டு, அந்த ஓட்டையிலிருந்து ஓட்டைக்கு வெட்டுங்கள். அரத்தால் சீவி, உப்புத்தாள் போட்டு, பூனைக் கதவின் கூட்டை (மடல் தொங்குகிற சட்டத்தை) உள்ளே வைத்துப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் சுத்தியலால் தட்டாதீர்கள், இன்னும் கொஞ்சம் சீவுங்கள்.

இதற்கு அடுத்த வேலையில்தான் நான் ஒருமுறை தவறினேன். எங்கள் சொந்த வீட்டுப் பின்கதவில் முதன்முதலாகப் பொருத்தியபோது, வெட்டிய ஓரத்துக்குப் பிரைமர் அடிக்காமல், சிலிக்கானைச் சுற்றிலும் பூசிவிட்டுப் போய்விட்டேன். சட்டம் மூடிவிடும், தெரியாது என்று நினைத்தேன். கார்த்திகை மழையில் கூட்டுக்குள் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அடியில் தேங்கியது. பலகை அதை உறிஞ்சி உப்பியது, கூடு நெளிந்து மடல் பாதியில் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் 6 மணிக்கு மஞ்சு இறங்கி முற்றம் தெரியாத நேரம், எங்கள் சாம்பல் பூனை வெளியே மாட்டிக்கொண்டு மடலைத் தலையால் முட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தபோது அதன் மீசையில் நீர்த்துளி கோத்திருந்தது, உடம்பு நடுங்கியது. அந்த ஒரு கோட்டு பிரைமர் 10 நிமிட வேலை.

ஆகவே வெட்டு ஓரத்துக்கு 2 கோட்டு பிரைமர், அதன் மேல் பெயின்ட் அல்லது வார்னிஷ், ஒவ்வொன்றும் காய்ந்தபின். பலகையின் நார் மேலும் கீழுமாக ஓடினால், மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் நார்முனை திறந்திருக்கும், அங்கேதான் மரம் தண்ணீர் குடிக்கும், அங்கே ஒரு கோட்டு கூடுதலாக அடியுங்கள். சிலிக்கானை வெளிச்சட்டத்தின் மேலும் இரு பக்கமும் மட்டும் பூசி, அடிப்பக்கத்தை விட்டுவிடுங்கள், உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி வேண்டும். ஸ்க்ரூவின் தலை உள்பக்கம் இருக்க வேண்டும். 12 மி.மீ. பிளைவுட்டுக்குப் பெட்டியிலிருக்கிற ஸ்க்ரூ நீளமாக இருந்தால் ஆக்ஸா பிளேடால் அளவுக்கு அறுத்துக்கொள்ளுங்கள். கதவில் வைத்தால் தாழ்ப்பாளுக்குக் கை எட்டாத இடமாகப் பாருங்கள், பூனைக் கதவு வழியாகக் கையை விட்டு நீங்களே ஒருமுறை முயன்று பார்த்துவிடுவது நல்லது. டிரில்லும் ஜிக்சாவும் பிடித்துப் பழகியவர் வீட்டில் இருந்தால் நீங்களே செய்யலாம், அரை நாள் வேலை. பழக்கமில்லை என்றால் பலகையை மட்டும் ஆசாரியிடம் வெட்டி வாங்கிவந்து மற்றதை நீங்கள் செய்யுங்கள்.

பழக்குவதற்கு ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். முதலில் மடலை டேப் போட்டு முழுக்கத் தூக்கி ஒட்டிவிடுங்கள், வெறும் ஓட்டையாக இருக்கட்டும். வெளியே ஒருவர், உள்ளே ஒருவர் உட்கார்ந்து, நெத்திலிக் கருவாட்டுத் துண்டைக் காட்டிக் கூப்பிடுங்கள். வெளியிலிருந்து வீட்டுக்குள் வருவதை முதலில் பழக்கினால் சீக்கிரம் வரும், வீட்டுக்கு வரத்தான் அதற்கு ஆசை. இரண்டு நாள் கழித்து மடலைப் பாதி இறக்குங்கள். மூக்கும் மீசையும் மடலில் படும்போது அது நின்று யோசிக்கும், அந்த நேரத்தில் பொறுமையாக இருங்கள். பின்னாலிருந்து தள்ளவே கூடாது. ஒரே ஒருமுறை தள்ளிவிட்டால் மாதக்கணக்கில் அந்தப் பக்கமே வராது. கடைசியில் மடலின் காந்தம் 'டக்' என்று ஒட்டுகிற சத்தத்துக்குச் சில பூனைகள் மிரளும். அதற்கு மட்டும் இரண்டு நாள் காந்தத்தின் மேல் டேப் ஒட்டி வைக்கலாம்.

விடியற்காலை 4 மணிப் பிரச்சினைக்கு வருகிறேன். இருள் பிரிகிற நேரமும் கவிகிற நேரமும் பூனைக்கு வேட்டை நேரம், அதனால்தான் பிராண்டுகிறது. அந்த நேரத்தில்தான் சிறுத்தையும் திரும்பிக்கொண்டிருக்கும், தரையில் இரை தேடுகிற பறவைகளும் இறங்கும். நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவையை நீலகிரியிலும் ஒட்டிய உயர்மலைகளிலும் தவிர உலகில் வேறெங்கும் பார்க்க முடியாது. அது வீட்டுத் தோட்டத்துச் செடிக்கே வந்து பழம் தின்கிறது. 'சோலை' என்ற நம் சொல்லை வைத்தே 2017இல் ஒரு பறவைப் பேரினத்துக்கு 'சோலிகோலா' என்று பேர் வைத்தார்கள். அதுவும் சோலையின் அடியில் தரையோடு தரையாகத் திரிகிற சின்னப் பறவை. நம் பூனை பசிக்காகப் பிடிப்பதில்லை, பழக்கத்துக்குப் பிடிக்கிறது. வெயில் நன்றாக ஏறி, 8 மணிக்கு மேல் கதவைத் திறந்துவிட்டால் நிறையப் பறவைகள் தப்பும்.

பிராண்டுவதை நிறுத்த, ராத்திரி 10 மணிக்கு ஒரு கயிறு, ஒரு பந்து வைத்துக் கால்மணி நேரம் ஓடவிட்டு, அதன் பிறகு கடைசிச் சாப்பாட்டைக் கொடுங்கள். விளையாடி, தின்று, நக்கிச் சுத்தம் செய்துகொண்டு தூங்குவதுதான் அதன் இயல்பான வரிசை. மணல் தட்டு உள்ளே இருக்கட்டும். 4 மணிக்குப் பிராண்டினால் எழுந்து போகாதீர்கள், திட்டவும் வேண்டாம், எழுந்து வந்தாலே அது ஜெயித்ததாக அர்த்தம். பத்து நாள் கஷ்டப்படுவீர்கள், அப்புறம் குறையும். சாயங்காலச் சாப்பாட்டைத் தினமும் 5 மணிக்கு, தகர டப்பாவைக் குலுக்கி, ஒரே இடத்தில் கொடுங்கள். எங்கள் பூனைகள் இரண்டும் தேயிலைக்குள் எங்கே இருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு ஓடிவருகின்றன.

பூனைக் கதவு வைக்குமுன் வெறிநோய்த் தடுப்பூசியும் பூனைகளுக்கான கூட்டுத் தடுப்பூசியும் போட்டு, வருடம் தவறாமல் தொடருங்கள். வெறிநோய்க்காகவே 1907இல் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் தொடங்கிய குன்னூர் உங்களுக்குப் பக்கத்து ஊர். வெளியே போகிற பூனை நாயிடமோ கீரியிடமோ கடிபட்டு வந்தால், ஊசி போட்டிருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். மழைக்காலத்தில் உள்ளே வந்ததும் காதோரம், விரலிடுக்கு இரண்டையும் தடவிப் பாருங்கள், அட்டையும் உண்ணியும் அங்கேதான் ஒட்டியிருக்கும்.

கொஞ்சம் செலவு செய்ய முடியுமென்றால், ஜன்னலுக்கு வெளியே 6 அடிக்கு 4 அடி கம்பிவலைக் கூண்டு ஒன்றைச் செய்து, பூனைக் கதவை அதற்குள் திறக்கவிடுங்கள். ஒரு அங்குலக் கண் வெல்டட் மெஷ், மேலேயும் வலை. கோழிவலை வேண்டாம், நாயே கிழித்துவிடும். பகல் முழுக்க வெயிலில் படுத்துக்கொண்டு தேயிலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பறவைக்கும் பயமில்லை, உங்களுக்கும் கவலையில்லை. அப்போதும் 5 மணிக்குப் பூட்டிவிடுங்கள், அந்த வலை சிறுத்தைக்குத் தாங்காது. ஜன்னலின் உள் அளவையும் வெளித்தரையிலிருந்து அதன் உயரத்தையும் எழுதுங்கள், பலகைக்கும் கூண்டுக்கும் எவ்வளவு பொருள் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.